எட்டுக் குதிரையும் ஒரு சோடிப் பல்லுச்சக்கரமும்

பாப்பாமோட்டையிலிருந்து சிலாவத்துறைக்கு நிஷாந்தி இரண்டு பஸ் மாறிப் போனது ஒரு சோடிப் பல்லுச்சக்கரம் வாங்குவதற்காக. ஒரு பெண் சேலை வாங்க இவ்வளவு தூரம் போனால் ஊரில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பல்லுச்சக்கரம் என்று சொன்னதும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுசி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள். நிஷாந்தியின் கண்ணில் அதெல்லாம் படவில்லை. பெரிய வேலை ஒன்று முதன்முதலாகக் கைக்கு வந்திருந்த சந்தோசத்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வேலை இதுதான். விடத்தல்தீவுக்குச் சற்றுத் தள்ளி, கடலோரக் குறிச்சி ஒன்றில் சந்தியாகுமையோர் கோயில் இருக்கிறது. வெள்ளைக் குதிரையில் வீற்றிருக்கும் புனிதர். ஆடி மாதப் பெருநாளுக்கு வெளியிலிருந்து வந்த குதிரை ராட்டினம் போன வருசம் பாதியில் நின்றுபோய், பிள்ளைகள் அழுத அழுகையில் பாதரின் பிரசங்கமே கேட்கவில்லை. இனி எங்கள் ராட்டினத்தை நாங்களே செய்வோம் என்று பெருநாள் சபை வீறாப்பாக முடிவெடுத்தது. படகு கட்டும் எமில் எட்டுக் குதிரை செதுக்க ஒப்புக்கொண்டார். குதிரைகளை ஓட வைக்கிற பொறுப்பு நிஷாந்திக்கு வந்தது.

சபைத் தலைவர் செபமாலைதான் அவள் பெயரைச் சொன்னவர். மூன்று மெக்கானிக்மார் கைவிட்ட அவருடைய படகு எஞ்சினை, பாப்பாமோட்டையில் தன் வீட்டு வேப்பமரத்தின் கீழ் வைத்து ஒரே காலையில் உறும வைத்தவள் அவள். ஆனால் வேப்பமரத்தடி வேப்பமரத்தடிதான். மழை வந்தால் படங்கைப் போட்டு மூடிவிட்டு நனைந்துகொண்டு நிற்க வேண்டும். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு வருகிற புது ஆட்கள், மரத்தடியில் கையெல்லாம் எண்ணெயோடு ஒரு பெண் நிற்பதைக் கண்டதும் வழி கேட்க வந்தவர்கள் மாதிரித் திரும்பிப் போவார்கள். கூரையும் கதவும் உள்ள ஒரு பட்டறை வேண்டும் என்பது அவளுடைய மூன்று வருச ஆசை. வீதியோரத்தில் கோயிலுக்குச் சொந்தமான பழைய வாடி ஒன்று, முன்பு வலை வைத்த கொட்டில், பூட்டியே கிடந்தது. செபமாலை அதைக் காட்டித்தான் பேசினார்.

"பெருநாளுக்கு ராட்டினம் ஓடினால் வாடிப் பூட்டின்ர திறப்பு உன்ர கையில, பிள்ளை. ஓடாட்டில் சனம் என்னைத்தான் கேக்கும். பிறகு நான் தர ஏலாது."

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கத்திலும் பல்லுச்சக்கரம்தான். டீசல் எஞ்சின் சுற்றுகிற வேகத்தில் குதிரைகளை விட்டால் பிள்ளைகள் தலைமன்னாரில்தான் போய் விழுவார்கள். ஆகவே பெல்ட் போட்டு வேகத்தைக் குறைத்து, பழைய நெல் ஆலை ஒன்றில் கழற்றிய கியர்ப் பெட்டியால் இன்னும் குறைத்து, நிமிசத்துக்கு ஏழு சுற்று என்று கொண்டுவந்துவிட்டாள். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பெட்டியிலிருந்து வரும் தண்டு படுத்துக்கொண்டு சுற்றுகிறது. ராட்டினத்தின் தண்டோ நிமிர்ந்து நிற்கிறது. படுத்த சுற்றை நிமிர்ந்த சுற்றாக மாற்ற, சுவர் மூலையில் இரண்டு சுவர் சந்திப்பதுபோல் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் இரண்டு சக்கரம் வேண்டும். இரண்டும் ஒரே அளவு, ஒரே எண்ணிக்கைப் பல். மைற்றர் கியர் என்பார்கள்.

சிலாவத்துறையில் நுஸ்ரியாவின் கடையில் கிடைக்காத இரும்பு மன்னார் மாவட்டத்திலேயே கிடையாது. கணவர் அபூசாலி ஊர் ஊராகப் போய்ப் பழைய இயந்திரச் சாமான்களை வாங்கிக் குவிப்பார். எது எங்கே கிடக்கிறது, எதற்கு எது பொருந்தும் என்பதெல்லாம் நுஸ்ரியாவுக்குத்தான் தெரியும். நிஷாந்தி விசயத்தைச் சொல்லி முடித்ததுமே, அவள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு குவியலுக்குள் இறங்கிவிட்டாள். நிஷாந்தியும் பின்னாலேயே போனாள். இரண்டு பேருக்கும் நல்ல மீன் சந்தைக்குள் நுழைந்த முகம்.

முதலில் வந்தவை இரண்டு தனிச் சக்கரங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு இயந்திரத்தில் கழற்றியது. இரண்டிலும் இருபத்தைந்து பல். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்தான். நிஷாந்தி ஒன்றோடொன்றைப் பொருத்தி உருட்டிப் பார்த்தாள். மூன்று பல் இனிமையாகப் போனது, நாலாவது பல்லில் இறுகிவிட்டது. ஒன்று அங்குலக் கணக்கில் வெட்டியது, மற்றது மில்லிமீற்றரில் வெட்டியது. பார்க்கத் தெரியாத வித்தியாசம் பல்லுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்ததாக ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்க வேண்டிய ஒரு பெரிய சோடி வந்தது. விலையும் மலிவு. நிஷாந்தி கடையின் கிரைண்டரில் ஓர் ஓரத்தை மெல்லப் பிடித்தாள். மங்கல் சிவப்பில் குட்டிக் குட்டிப் பொறிகள் பறந்து உடனே அணைந்தன. வார்ப்பிரும்பு. மெல்லச் சுற்றுகிற சக்கரத்துக்குச் சுகமான வேலை என்று யாரும் நினைக்கக் கூடாது. மெல்லச் சுற்றுகிறபோதுதான் பாரம் முழுவதும் பல்லில் வந்து நிற்கும். எட்டுக் குதிரையும் எட்டுப் பிள்ளையும் ஒரே இழுவையில் கிளம்புகிற அந்த முதல் குலுக்கலில் வார்ப்பிரும்புப் பல் பிஸ்கட் மாதிரி உடையும். பிள்ளைகள் ஏறுகிற சாமானில் அவள் அந்தச் சூதாட்டத்துக்குத் தயாரில்லை.

மூன்றாவது சோடியைக் கண்டதும் அவளுக்கு மூச்சே நின்றது. உருக்கு. பற்கள் நேராக இல்லாமல் வளைந்து வளைந்து, கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத அழகு. உருட்டினால் சத்தமே இல்லை. நுஸ்ரியா அதைத்தான் கொண்டுபோகச் சொன்னாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாய் ஒரு கேள்வி கேட்டாள்.

"புள்ள, உங்கட ராட்டினம் எந்தப் பக்கம் சுத்தும்? வளைஞ்ச பல்லுக்கு அது தெரியணும்."

"வலம்தான் அக்கா. வேற எந்தப் பக்கம் சுத்தும்?"

யோசிக்காமல் வந்த பதில் அது. பாப்பாமோட்டை மாரியம்மன் கோயிலை நடக்கப் பழகிய நாளிலிருந்து வலம் வந்த கால்கள் சொன்ன பதில். நுஸ்ரியா அவளை ஒரு நொடி பார்த்துவிட்டு, கையில் ஒட்டிய துருவைத் தட்டிவிட்டாள்.

வளைந்த பல்லை மனம் கேட்டது, புத்தி வேண்டாம் என்றது. அந்த வகைப் பல் சுற்றும்போது தண்டையும் நீளவாக்கில் தள்ளும். சுற்றுகிற பக்கம் மாறினால் தள்ளுகிற பக்கமும் மாறும். அதைத் தாங்குகிற விலை உயர்ந்த பெயாரிங் அவளிடம் இல்லை. சத்தம் குறைவதுதான் லாபம் என்றால், ஏழு சுற்றுக்கு என்ன பெரிய சத்தம் வரப்போகிறது? பெருநாள் ஒலிபெருக்கிக்கு நடுவில் அதை யார் கேட்கப்போகிறார்கள்? பெருமூச்சோடு அதைத் திருப்பி வைத்தாள்.

கடைசியில் ஓர் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து, கிறீஸ் பூசிப் பழைய பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. நேர்ப் பல் வெட்டிய உருக்குச் சோடி. இரண்டிலும் இருபத்தைந்து பல், இரண்டின் முதுகிலும் ஒரே இலக்கம். சேர்ந்தே பிறந்து சேர்ந்தே வந்தவை. கிரைண்டரில் பிடித்தபோது மஞ்சள் பொறி நீளமாக ஓடியது. பல்லில் அரத்தை வைத்து இழுத்தாள். அரம் கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கியது, அத்தனை வன்மை ஏற்றிய பல். நிஷாந்திக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பேரம் பேச வேண்டும் என்பதே மறந்துவிட்டது. திரும்பி வந்த பஸ்ஸில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்து, குழந்தையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த மூன்று வாரமும் அவள் கோயில் வளவிலேயே கிடந்தாள். சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ராட்டினத்தின் நடுவில் இடுப்பளவு குழி வெட்டி, அதற்குள் இரும்புச் சட்டம் வைத்து, நிமிர்ந்த தண்டின் பாரத்தை ஒரு லொறிச் சில்லின் பெயாரிங்கில் ஏற்றினாள். தண்டின் கீழ் நுனியில் ஒரு கியர். படுத்த தண்டில், எஞ்சின் பக்கமாக, அதன் சோடி. பல்லை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிக்கட்ட வசதியாக, சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் பள்ளத்தை இரண்டு முழத்துக்கு நீளமாக வெட்டித் தரும்படி மன்னார் லேத் பட்டறையில் கேட்டு வாங்கியிருந்தாள். சரிவந்ததா என்று பார்க்க, பல்லுக்கு நடுவில் ஒரு கடதாசித் துண்டை விட்டுச் சுற்றினாள். கிழியாமல், மடிப்பு மட்டும் விழுந்து வெளியே வந்தது. அந்தக் கடதாசியை மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு சண்டைதான் வந்தது. படுத்த தண்டு தேவைக்கு மேல் நீளம். நிமிர்ந்த தண்டின் அடியால் போய் மற்றப் பக்கம் ஒரு முழத்துக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. வெட்டிவிடுவோம் என்றாள். நல்ல உருக்கை வெட்டி எறிய ஒரு கடற்காரனுக்கும் மனம் வராது. கயிற்றுத் துண்டையே எறியாத சனம். செபமாலை வெட்டவே விடவில்லை. அந்த நீட்டல் குழிக்குள் இறங்கிய எமிலின் காலை இரண்டு தரம் பதம் பார்த்தது. எமில் ஒவ்வொரு தரமும் இந்த ஊரில் யாருக்கும் சொல்ல முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, உடனே சிலுவை போட்டுக்கொண்டார்.

குதிரை இல்லாமல் வெறும் தட்டை ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் அற்புதமாகச் சுற்றியது. எல்லாரும் கை தட்டினார்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. சுற்றினால் போதும் என்ற சந்தோசம் எல்லாருக்கும்.

பெருநாளுக்கு முதல்நாள், மாலை ஆறு மணிக்கு வேஸ்பர் ஆராதனை. அதற்கு முன்பு ஒரு முறை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று செபமாலை சொல்லியிருந்தார். வெள்ளைச் சீலை போர்த்தியபடியே எமில் எட்டுக் குதிரையையும் ஏற்றிப் பூட்டினார். பாதர் வந்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். மூன்று மணிக்குச் சீலைகளை இழுத்தார்கள். எட்டு வெள்ளைக் குதிரை, பிடரி பறக்க, கண் மின்ன, வெளிப்பக்கம் எல்லாம் நீலமும் பொன்னுமாகச் சேணம் எழுதி. புனிதரின் குதிரையே எட்டாகப் பெருகி வந்து நின்றதுபோல் இருந்தது. கூடி நின்ற சனம் கிட்டப் பார்க்க முன்னுக்கு நெருங்கியது. குழிக்குள் நின்ற நிஷாந்தி எஞ்சினடியில் நின்றவருக்குக் கை காட்டினாள்.

ராட்டினம் கிளம்பியது. குலுக்கல் இல்லை, முறுகல் இல்லை, தேன் மாதிரி. எட்டுக் குதிரையும் ஒன்றாக ஓடின, வால் முன்னுக்கும் தலை பின்னுக்குமாக.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பிறகு செபமாலையின் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் நிறுத்தினார்கள். எஞ்சினை அணைத்த பிறகுதான் நிஷாந்தி மேலே ஏறி வந்து பார்த்தாள். காரணம் புரிய ஒரு நிமிசம் எடுத்தது. இந்த ஊரில் புனிதரின் சொரூபம் வெளியே வந்தால் முதலில் வாசலுக்கு இடப்பக்கமுள்ள கடலுக்குத்தான் போகும், படகுகளை ஆசீர்வதிக்க. ஆகவே கோயில் எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்கத்தான் சுற்றிவரும். எமில் குதிரைகளைச் செதுக்கியது அந்தச் சுற்றுக்கு. அவருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை, மூச்சு விடுவதைப் போய் யார் சொல்லுவார்கள்? அவளுக்கும் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. வலம் என்பதும் அவளுக்கு மூச்சு மாதிரித்தான்.

குதிரையைத் திருப்பிப் பூட்டலாம் என்றால், எமில் வெளிப்பக்கம் மட்டும்தான் வர்ணம் பூசியிருந்தார். உட்பக்கம் வெறும் பலகை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டதாம். செபமாலை அதற்கும் இடம் வைக்கவில்லை.

"சந்தியாகுமையோரின்ர குதிரை போற பக்கம்தான் போகும். பின்னுக்குப் போற குதிரையை வைச்சுப் பெருநாள் செய்ய ஏலாது, பிள்ளை. வேஸ்பர் மணி அடிக்கமுன்னம் சரிவராட்டில் கழட்டுவம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நிஷாந்திக்கு இவ்வளவு வலித்திராது. கவலையோடு சொன்னார். வீதியோரத்தில் அந்த வாடியின் தகரக் கூரை வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

எஞ்சினைத் தூக்கி மற்றப் பக்கம் வைத்தால் எதிர்ப்பக்கம் சுற்றாதா என்று நாலு பேர் நாலு மூலையிலிருந்து கேட்டார்கள். சுற்றாது என்றாள். பெட்டி, தண்டு, கியர் எல்லாமாகத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போனால் எல்லாம் முந்தி மாதிரியேதான் இருக்கும். "ஒராளைக் கதிரையோட தூக்கி அங்கால வைச்சாலும் அவற்ற வலக்கை வலக்கைதானே அண்ணை," என்று எமிலிடம் சொன்னாள். எமில் தன் வலக்கையைப் பார்த்துவிட்டு ஓம் என்றார். எஞ்சினை மட்டும் திருப்பலாம் என்றால் அது சீமெந்துக் கட்டில் இறுகியிருந்தது, உடைத்துக் கட்ட நேரமில்லை.

மணி மூன்றரை. நிஷாந்தி மறுபடி குழிக்குள் குதித்தாள். குதித்த வேகத்தில் நீட்டிக்கொண்டு நின்ற அந்தத் தண்டு முழங்காலுக்குக் கீழே நங்கென்று அடித்தது. எமிலின் வார்த்தை அவள் வாயிலும் வந்தது. காலைத் தடவிக்கொண்டு அந்தச் சனியன் பிடித்த நீட்டலை முறைத்துப் பார்த்தாள். முறைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தண்டு நிமிர்ந்த தண்டின் அடியால் மற்றப் பக்கம் போகிறது. எஞ்சின் இருந்த இடத்தில் இருக்கட்டும். தண்டும் சுற்றுகிற பக்கம் சுற்றட்டும். அதிலுள்ள கியரை மட்டும் கழற்றி, மற்றப் பக்கத்தில், முகத்தைத் திருப்பிப் பூட்டினால்? மேல்சக்கரத்தை இதுவரை ஒரு பக்கத்தில் பிடித்துத் தள்ளிய பல், இனி எதிர்ப்பக்கத்தில் பிடித்துத் தள்ளும். மேலே உள்ளது எதிராகச் சுற்றியே ஆக வேண்டும். வளைந்த பல்லாக இருந்திருந்தால் தள்ளுகிற விசை மாறித் தண்டு இழுபட்டிருக்கும். இது நேர்ப் பல். எந்தப் பக்கம் கடிக்கவும் அதற்குச் சம்மதம். பூட்டும் பள்ளமும் நீளத்துக்கு வெட்டிக் கிடக்கிறது. எல்லாம் அவள் முழங்காலுக்குக் கீழேயே இருந்திருக்கிறது.

"எமில் அண்ணை, அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பனரைத் தாங்கோ. ட்றில்லையும் கொண்டு வாங்கோ."

பிறகு நடந்ததை அவளாலேயே வரிசையாகச் சொல்ல முடியாது. தண்டைப் பெட்டியிலிருந்து கழற்றிப் பின்னுக்கு இழுத்தார்கள். கியர் வெளியே வந்தது. தண்டை மறுபடி அடியால் விட்டு, மற்றப் பக்கம் தலை நீட்டியதும் கியரை முகம் திருப்பி ஏற்றினாள். அதற்கு அப்பால் பெயாரிங் வைக்கச் சட்டத்தில் இரண்டு துளை வேண்டும். படகுக்காரக் கை அல்லவா, எமில் இரண்டையும் மயிரிழை பிசகாமல் போட்டார். வேர்வை கண்ணுக்குள் ஓடியது. கோயில் பக்கம் மணிக்கயிற்றை ஆயத்தம் செய்கிற சத்தம் கேட்டது. நிஷாந்தி பர்ஸிலிருந்து அந்த மடிப்புக் கடதாசியை எடுத்து, பல்லுக்கு நடுவில் விட்டுக் கையால் சுற்றினாள். முதல் தரம் கிழிந்தது. கியரை ஓர் அரிசி மணி அளவு பின்னுக்கு எடுத்து, கிழியாத பாதியை விட்டாள். மடிப்பு மட்டும் விழுந்தது.

ஆறு மணிக்கு இரண்டு நிமிசம் இருக்க எஞ்சின் மறுபடி உறுமியது. இந்த முறை அவள் குழிக்குள் நிற்கவில்லை. செபமாலைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், விழுவதானால் அவர் கண் முன்னாலேயே விழட்டும் என்று. எட்டுக் குதிரையும் ஒரு முறை தலையை ஆட்டின. பிறகு முன்னுக்கு, நடுத்தண்டு இடக்கைப் பக்கம் இருக்க, பாய்ந்து போயின. சனம் கத்தின கத்தலில் வேஸ்பர் மணியின் முதல் அடி ஒருவர் காதிலும் விழவில்லை. நிஷாந்தி அழுதாள், வெட்கப்படாமல் அழுதாள். எமில் ஒரு குதிரையில் தாவி ஏறி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்கினார்.

அன்றிரவு நுஸ்ரியாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். நுஸ்ரியா சிரித்த சிரிப்பில் அந்தப் பக்கம் அபூசாலி என்னவென்று ஓடிவந்து கேட்கிற சத்தம் கேட்டது.

"ஹஜ்ஜுல கஃபாவ நாங்களும் இடக்கைப் பக்கம் வெச்சித்தான் சுத்துற, புள்ள. வலம்தான் எண்டு நீங்க அடிச்சுச் சொன்னீங்க. கோயில்காரங்களுக்குத் தெரியாமலா இருக்கும் எண்டு நான் வாய மூடிட்டன்."

பெருநாள் அன்று பூசை முடிந்ததிலிருந்து ராட்டினம் ஓயவில்லை. பிள்ளைகளின் வரிசை வாடி வாசல்வரை நீண்டிருந்தது. அந்த வரிசைக்குள்ளால் புது வேட்டியோடு செபமாலை நடந்து வந்தார். நிஷாந்தியின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு திறப்பை வைத்தார். துருப் பிடித்த பழைய திறப்பு, அவர் உடம்புச் சூடு அதில் இருந்தது. காலையிலிருந்து மடியில் செருகி வைத்திருக்க வேண்டும்.

வாடிக் கதவில் கைமுட்டி அளவு பூட்டு ஒன்று தொங்கியது. நிஷாந்தி திறப்பை உள்ளே விட்டாள். திருப்பப் போனவள் நிறுத்தி, அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா, இது எந்தப் பக்கம் சுத்தும்?"

செபமாலை அவளையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு வந்து, அதை அடக்கப் பார்த்து, முடியாமல் விட்டார்.

"இது உங்கட கோயில் மாதிரித்தான், பிள்ளை. வலம்."

அவள் வலப்பக்கம் திருப்பினாள். பூட்டுத் திறந்தது.